வெடிக்கு அசையாத கோழி

விலங்கியல் லேபுக்குப் புதிதாக வேலைக்கு வந்திருக்கும் தம்பி தங்கச்சிகளுக்கு,

பேனாவை எடுப்பதும் வைப்பதுமாகவே எனக்குப் பல வருசம் ஓடிப்போனது. எட்டாங்கிளாஸோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள் நான். காலேஜ் விசயத்தை இவள் எழுத வந்துவிட்டாளாக்கும் என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்று ஒரு கூச்சம். அதைவிடப் பெரிய தயக்கம் இன்னொன்று. இந்தக் கதையில் ஒரு படித்த பெரிய மனுசர் நாற்காலியிலிருந்து எகிறுகிற கட்டம் வருகிறது. பெரியவர்களைப் பார்த்துச் சிரிப்பது பாவம் என்று சொல்லித்தான் எங்கள் வீட்டில் வளர்த்தார்கள். வெள்ளிக்கிழமை தோறும் மாரியாத்தா முன்னால் நின்று, "எழுதலாமா தாயி?" என்று கேட்பேன். கேட்கும்போதே எனக்குச் சிரிப்பு வந்துவிடும். சாமி முன்னால் சிரித்துவிட்டு என்னத்தை எழுத என்று திரும்பி வந்துவிடுவேன். ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த பிறகும் அந்தச் சிரிப்பு அடங்கிய பாடில்லை. இனியும் அடக்கினால் உடம்புக்கு ஆகாது, எழுதிவிடுகிறேன்.

மைக்ராஸ்கோப்பை எதனால் துடைப்பது, பார்மலின் ஜாடியை மூக்குக்கு எட்டாமல் எப்படித் திறப்பது என்றெல்லாம் நான் சொல்லப் போவதில்லை. அதெல்லாம் கை தானாகப் பழகிக்கொள்ளும். கைக்குப் பழகாத காரியம் ஒன்று உண்டு. வெளியாட்கள் வரிசையாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது நாம் நினைத்தது நடக்காமல் போகும் பாருங்கள், அந்த நேரத்தில் நிற்கிற நிலை. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

இரண்டாயிரம் பிறந்து சில வருசங்கள் ஆகியிருந்த சமயம். எங்கள் துறைக்குத் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து ஒரு இளம் மேடம் வந்திருந்தார்கள். தற்காலிக வேலை. முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு விலங்கு நடத்தையும் நரம்பு மண்டலமும் எடுப்பார்கள். எடுக்கிற அழகு எப்படி என்றால், எறும்பு வரிசையைக் காட்டப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய், மேடமே தரையில் குப்புறப் படுத்துவிடுவார்கள். பிள்ளைகளும் வரிசையாகப் படுக்கும். தாண்டிப் போகிற கணக்குத் துறை ஆட்கள், "என்ன, விலங்கியல்ல எல்லாரும் மயங்கிட்டாகளா?" என்று என்னிடம் கேட்பார்கள். முட்டியில் தட்டினால் கால் தானாக உதைக்கும் பாடத்தை அவர்கள் எடுத்த அன்றைக்கு எனக்கே முழங்காலில் சுத்தியல் அடி விழுந்தது. நான் உதைத்த உதையில் தண்ணீர்க் குடம் உருண்டது. "பார்த்தீங்களா, அக்கா யோசிச்சா உதைச்சாங்க? யோசிக்கிற மூளைக்குத் தகவல் போறதுக்கு முன்னாடியே கால் கிளம்பிடுச்சு" என்றார்கள். குடத்தை நான்தான் மறுபடியும் நிரப்பினேன், அது வேறு விசயம்.

அந்த வருசம் அவர்கள் வேலையை நிரந்தரம் ஆக்குவதா, சித்திரையோடு அனுப்பிவிடுவதா என்று முடிவு பண்ண நிர்வாகம் ஒரு ஏற்பாடு செய்தது. வெளியூர்ப் பேராசிரியர் ஒருவர் முன்னால் ஒரு வகுப்பு எடுத்துக் காட்ட வேண்டும். வருகிறவர் நீலகிரிப் பக்கம். தேயிலைத் தோட்டமும் பனியுமாக, பறவை கத்தினால்கூட மெதுவாகக் கத்துகிற ஊரில் வாழ்ந்தவர். கூடவே எங்கள் கல்லூரிச் செயலர் ஐயாவும் உட்காருவார். அவருக்குச் சொந்தத்தில் பட்டாசுக் கம்பெனி. வேலை போய்விட்டால் மேடம் ஊருக்குப் போய் டியூஷன்தான் எடுக்க வேண்டும். "அக்கா, எனக்கு வகுப்புல நிக்கறதத் தவிர வேற ஒண்ணும் தெரியாது" என்று ஒருநாள் ஜாடிகளை அடுக்கிக்கொண்டே சொன்னார்கள். அதற்கு அப்புறம் நான் சாமி கும்பிடும்போது என் பிள்ளைகளுக்கு அடுத்து இவர்கள் பேரையும் சேர்த்துக்கொண்டேன்.

பாடம் என்ன தெரியுமா? திடுக்கிடும் அனிச்சைச் செயல். பெரிய சத்தம் கேட்டதும் உடம்பு துள்ளுகிறதே, அது. ஒரு கோழியை நிறுத்தி, தூரத்தில் ஒரு வெடியைப் போட்டு, அது துள்ளுவதைக் காட்டி, அங்கிருந்து காது, நரம்பு, மூளை என்று பாடத்தைக் கொண்டுபோவது திட்டம். எங்கள் ஊரில் வெடிக்கா பஞ்சம்? செயலர் ஐயாவே கம்பெனியிலிருந்து சரக்கும் கொடுத்து, வைக்கத் தெரிந்த ஆளும் கொடுத்தார்.

முதலில் ஒத்திகை பார்த்தோம். கறிக்கடையிலிருந்து ஒரு பிராய்லர் கோழி வாங்கி வந்தோம். பல்லடம் பக்கத்துப் பண்ணையில் வளர்ந்து லாரியில் வந்த கோழி. வெடி வெடித்ததும் அது துள்ளிய துள்ளலில் போய் வாளிக்குள் விழுந்தது. நாங்கள் கைதட்டினோம். காம்பவுண்டுச் சுவரில் ஒரு காகம் உட்கார்ந்திருந்தது. அது இறகைக்கூட விரிக்கவில்லை. பார்த்தேன். ஆனால் பார்த்ததை யாரும் யோசிக்கவில்லை. பிள்ளைகளா, லேபில் வேலை பார்க்கிறவர்கள் எதிர்பார்த்தது நடக்கும்போதுதான் சுற்றுமுற்றும் கூடுதலாகப் பார்க்க வேண்டும். எனக்கு அது பின்னால் புரிந்தது.

இனிமேல்தான் எங்கள் ஊர்ப் புத்தி வேலை செய்தது. முதல் நாள் சாயங்காலம் துறைத் தலைவர் ஐயா வந்து பிராய்லரைப் பார்த்தார். அது நிற்க முடியாமல் உட்கார்ந்திருந்தது. அடிவயிற்றில் இறகே இல்லை.

"வெளியூர்ல இருந்து பெரியவர் வர்றாரு. அவரு முன்னால இதையா நிறுத்துறது? பாக்கவே சீக்குக்காரன் மாதிரி இருக்கு" என்றார்.

முதல் வருசத்தில் பாண்டீஸ்வரி என்று ஒரு பிள்ளை. ஊர் எம். புதுப்பட்டி. அப்பா அம்மா ரெண்டு பேரும் பட்டாசுக் கம்பெனிக்குப் போகிறவர்கள். அது எழுந்து, "சார், எங்க வீட்ல ஒரு செவலைக் கோழி இருக்கு. மயிலு மாதிரி இருக்கும். கொண்டாரட்டா?" என்றது.

"கொண்டா, கொண்டா! விருந்தாளி முன்னால நாட்டுக்கோழிதான் மரியாதை" என்று நாங்கள் எல்லோரும் ஒரே குரலாகச் சொன்னோம். மேடமும் தலையாட்டினார்கள். யாருக்கும் ஒரு சந்தேகம் வரவில்லை. பிராய்லர் யார் வீட்டுக் குழம்புக்குப் போனது என்று மட்டும் கேட்காதீர்கள்.

மறுநாள் காலையில் பாண்டீஸ்வரி கோழியோடு பஸ்ஸில் வந்து இறங்கியது. அவள் அம்மா அதைக் குளிப்பாட்டி, காலில் மஞ்சள் தடவி, நெற்றி இருக்கிற இடமாகப் பார்த்துக் குங்குமமும் வைத்து அனுப்பியிருந்தாள். கல்யாணப் பெண் கெட்டாள். லேபுக்குப் பின்னால் புங்கமரத்தடியில் நாற்காலி போட்டு, நடுவில் கோழியை நிறுத்தி, காலில் ஒரு நூல் கட்டி முனையை என் கையில் கொடுத்தார்கள். வெடி வைக்கிற அண்ணாச்சி மைதானத்தின் அந்தக் கடைசியில் நின்றார். தலைவர் ஐயா கைக்குட்டையை ஆட்டினால் அவர் திரியைப் பற்ற வைக்க வேண்டும்.

பேராசிரியர் வெள்ளைச் சட்டையில், அளந்து பேசுகிற ஆளாக இருந்தார். அவர் கையில் டீ. பக்கத்தில் வெள்ளை வேட்டியில் செயலர் ஐயா. மேடம் கணீரென்று ஆரம்பித்தார்கள். "இந்தக் கோழியை மட்டும் கவனியுங்கள்" என்றார்கள். எல்லோரும் கோழியைப் பார்த்தோம். கைக்குட்டை ஆடியது.

டமார்!

கோழி அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தது. வெடித்த பிறகும் பொறுக்கிக்கொண்டிருந்தது.

எகிறியது பேராசிரியர். நாற்காலி மல்லாந்தது. டீ ஆகாயத்தில் போய், செயலர் ஐயா வேட்டியில் இறங்கியது. பேராசிரியர் அவர் தோளை ரெண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். செயலர் ஐயா பதறிப்போய் அவர் காலடியைக் குனிந்து பார்த்து, "என்ன சார்? தேளு கடிச்சிருச்சா?" என்றார்.

அவர் கிண்டலுக்குக் கேட்கவில்லை. சத்தியமாக, வெடி வெடித்தது அவர் மனசில் பதியவே இல்லை.

பிள்ளைகள் தாவணியையும் துப்பட்டாவையும் வாயில் திணித்துக்கொண்டார்கள். நான் மேடத்தைப் பார்த்தேன். முகம் வெளுத்து, வெறும் கண் மட்டும் இருந்தது. இந்த வகுப்பு போனால் வேலை போனது. அவர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

தலைவர் ஐயா நல்ல மனுசர். எனக்கு வேலை கற்றுக்கொடுத்ததே அவர்தான். ஆனால் அன்றைக்கு அவரும் பதறிவிட்டார். என் பின்னால் வந்து, "ஒரு குச்சியை எடுத்து லேசாக் குத்தும்மா. துள்ளிரும். அடுத்த வெடிக்கும் சொல்லிட்டேன்" என்று காதில் ஊதினார். சொல்லிக்கொண்டே முதுகுக்குப் பின்னால் கைக்குட்டையை வேறு ஆட்டிவிட்டார்.

காலடியில் குச்சி கிடந்தது. புங்கமரம் ஆயிற்றே, குச்சிக்கா குறை? ஒரு குத்து. யாருக்கும் தெரியாது. மேடம் என்னையே பார்த்தார்கள். மெதுவாக, ஒரே ஒரு தடவை, வேண்டாம் என்று தலையசைத்தார்கள்.

நான் குச்சியை விட்டுவிட்டு, கண்ணை மூடி, "இருக்கன்குடி மாரியாத்தா, இந்தக் கோழியை ஒரு தடவை துள்ள வையி. உனக்குச் சேவல் நேந்து விடுறேன்" என்று வேண்டிக்கொண்டேன். கண்ணைத் திறந்து பார்த்தால் கோழி ஒரு காலைத் தூக்கி, கழுத்தைச் சொறிந்துகொண்டிருந்தது.

மேடம் ஒரு எட்டு முன்னால் வந்தார்கள்.

"ஐயா, மன்னிக்கணும். நான் கோழிக்கு நடக்கும்னு சொன்னது கோழிக்கு நடக்கல. உங்களுக்கு நடந்திருக்கு."

பேராசிரியர் சட்டையைச் சரி பண்ணிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தார். மேடம் நிறுத்தவில்லை.

"ஒரே வெடி. ரெண்டு உடம்பு. ஒண்ணு துள்ளுச்சு, ஒண்ணு துள்ளல. ஏன்னு எனக்கு இப்பத் தெரியாது. எல்லாரும் சேர்ந்து பார்ப்போம்." பிள்ளைகள் பக்கம் திரும்பினார்கள். "உங்கள்ல யாருக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு? கையைத் தூக்குங்க."

ஒரு கைகூட எழும்பவில்லை.

"யாருக்காவது லேசா உடம்பு சிலிர்த்துச்சா?"

கடைசியில் நின்ற ஒரு பையன், "மேடம், வெடிச்சிருச்சா? நான் இனிமேத்தான்னு நெனச்சேன்" என்றான். பக்கத்தில் நின்றவன் அவன் முதுகில் ஒன்று வைத்து, "ஏலே, வேட்டி நனைஞ்சதத்தான பாத்துக்கிட்டு நிக்கோம்" என்றான்.

"பாண்டீஸ்வரி, இந்தக் கோழி எங்க வளர்ந்துச்சு?"

"எங்க வீட்டுக்குப் பின்னாடிதான் மேடம். கம்பெனிக் காம்பவுண்டு ஓரமா. அங்கனதான் வெடி டெஸ்டிங் பண்ணுவாக. முட்டையில இருந்து வந்ததே அங்கனதான்." சொல்லும்போதே அந்தப் பிள்ளைக்கு விசயம் விளங்கிவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டது. "ஐயையோ மேடம், அதுக்கு வெடி ஒரு சத்தமே இல்ல மேடம்!"

மேடம் நெற்றியில் அடித்துக்கொண்டார்கள். அப்புறம் சிரித்தார்கள். பயத்தில் வருகிற சிரிப்பில்லை, கண்டுபிடித்த சிரிப்பு. "பழகிப்போச்சு! ஆபத்து வராத சத்தம் திரும்பத் திரும்பக் கேட்டா, இதுக்குத் துள்ள வேண்டாம்னு நரம்பு கத்துக்குது. கோழி மட்டுமில்ல, இங்க நிக்கற எல்லாருமே. ஐயா ஒருத்தரைத் தவிர!"

பேராசிரியர் நாற்காலியை நிமிர்த்திப் போட்டு உட்கார்ந்தார். சிரிக்கவில்லை. "பழகிப்போச்சுன்னு சொல்றீங்கம்மா" என்றார் மெதுவாக. "வெடிச் சத்தத்துலயே வளர்ந்த கோழி. காதே செவிடாகிப் போயிருந்தா? செவிட்டுக் கோழியும் இப்படித்தானே நிக்கும்? ரெண்டுக்கும் வித்தியாசம் எப்படிச் சொல்வீங்க?"

தலைவர் ஐயா புங்கமரத்து வேரிலேயே உட்கார்ந்துவிட்டார். கேள்வி நியாயமான கேள்வி. அதனால்தான் பயமாக இருந்தது.

மேடம் குனிந்து கோழியைப் பார்த்தார்கள். பிறகு, "தெரியல ஐயா. செஞ்சு பார்க்கட்டுமா?" என்றார்கள். அவர் தலையசைத்தார்.

"பாண்டீஸ்வரி, வீட்டுல இதை எப்படிக் கூப்பிடுவே?"

"பா பான்னுதான் மேடம்."

"லேபுக்குள்ள போ. கதவுக்குப் பின்னாடி நில்லு. கோழி உன்னைப் பார்க்கக் கூடாது. தீனி கிடையாது. கத்தக் கூடாது, வீட்டுல கூப்பிடற மாதிரி மெதுவாக் கூப்பிடணும். அக்கா, நூலை அவிழ்த்துடுங்க."

அவிழ்த்தேன். அந்தப் பிள்ளை உள்ளே போயிற்று. சத்தமே இல்லை. எல்லோரும் கதவையே பார்க்கிறோம். அத்தனை பெரிய மனுசர்கள் கேட்டுக்கொண்டிருக்கும்போது கோழியைக் கூப்பிட அந்தப் பிள்ளைக்கு வெட்கம். மேடம் விரலைப் பின்னிக்கொண்டு நின்றார்கள். பொறுக்க முடியாமல் நானே, "ஏ புள்ள, ஒங்க வீடுன்னு நெனச்சுக் கூப்பிடுத்தா!" என்றேன்.

உள்ளேயிருந்து, சன்னமாக, கொசு மாதிரி ஒரு குரல். "பா... பா... பா..."

கோழி பொறுக்குவதை நிறுத்தியது. தலையைச் சாய்த்தது. இன்னொரு பக்கமும் சாய்த்தது. அப்புறம் ஒரே ஓட்டம்! பேராசிரியர் நாற்காலிக்குக் கீழே புகுந்து, செயலர் ஐயாவின் ஈர வேட்டியை உரசி, இறக்கையை விரித்துக்கொண்டு கதவை நோக்கிப் பறக்காத குறையாக ஓடியது.

அந்த நேரம் பார்த்து, தலைவர் ஐயா கைக்குட்டை ஆட்டி வைத்திருந்த இரண்டாவது வெடி, திரி நீளமாகவும் நமத்தும் இருந்ததால் இழுத்து இழுத்து வந்து, வெடித்தது.

டமார்!

கோழி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஓடின ஓட்டம் குறையாமல் லேபுக்குள் போய், பாண்டீஸ்வரியின் இடுப்பில் ஏறிவிட்டது. பேராசிரியர் மறுபடியும் எகிறி, மறுபடியும் செயலர் ஐயா தோளில் இருந்தார்.

"தேளு இல்ல சார், வெடி" என்றார் செயலர் ஐயா. இந்தத் தடவை அவருக்கு விளங்கிவிட்டது.

முதலில் சிரித்தது பேராசிரியர்தான். என்ன ஒரு சிரிப்பு! அளந்து பேசுகிற அந்த மனுசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய, "கேட்டுச்சு! கேட்டுச்சு! கொசு சத்தம் கேட்டுச்சு, குண்டு சத்தம் கேக்கல!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அதற்கப்புறம் பிள்ளைகளை யார் பிடிக்க? மரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தவர்கள், தரையில் உட்கார்ந்து சிரித்தவர்கள். தலைவர் ஐயா எழ முடியாமல் வேரிலேயே கிடந்து சிரித்தார். குங்குமம் வைத்த கோழியை இடுப்பில் தூக்கிக்கொண்டு பாண்டீஸ்வரி வெளியே வந்தபோது, தேருக்கு எழுகிற மாதிரி எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள்.

அதோடு விட்டாரா? "இன்னும் வெடி இருக்கா? எனக்கு எப்பப் பழகுதுன்னு பார்க்கணும்" என்று பேராசிரியர் பிடிவாதமாக உட்கார்ந்துவிட்டார். செயலர் ஐயாவுக்கு உச்சி குளிர்ந்துபோனது. "நம்ம சரக்குதான சார், எம்புட்டு வேணும்?" என்று ஆளை அனுப்பினார். ஒவ்வொரு வெடிக்கும் பிள்ளைகள் பேராசிரியரையே பார்த்தார்கள். எகிறல் துள்ளலாயிற்று. துள்ளல் தோள் குலுங்கலாயிற்று. கடைசியில் கண் இமை மட்டும் ஒரு சிமிட்டு. மேடம் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாக விளக்கிக்கொண்டே போனார்கள். அவர்கள் அன்றைக்குக் காட்ட நினைத்த பாடம் ஒன்று, நடந்த பாடம் ரெண்டு. சாப்பாட்டு மணி அடித்தும் ஒருத்தர் நகரவில்லை.

போகும்போது பேராசிரியர் செயலர் ஐயாவிடம் எல்லோர் முன்னாலும் சொன்னார். "நினைச்சது நடந்திருந்தா இவங்க பாடம் நடத்தத் தெரிஞ்சவங்கன்னு மட்டும் எழுதியிருப்பேன். நடக்காதப்போ தெரியலன்னு சொல்லிட்டுத் தேடினாங்க பாருங்க, அதைத்தான் பிள்ளைங்க கத்துக்கணும். விட்டுடாதீங்க."

"தேளு கடிச்சாலும் விட மாட்டேன் சார்" என்றார் செயலர் ஐயா. வேலை அங்கேயே, புங்கமரத்தடியிலேயே நிரந்தரம் ஆனது. மேடம் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அவர்கள் கை வெடவெடவென்று ஆடியது. "இது என்ன அனிச்சை மேடம்?" என்றேன். "தெரியலக்கா" என்று அழுதுகொண்டே சிரித்தார்கள்.

சேவல் நேந்து விடுவதில் எனக்கு ஒரு குழப்பம் வந்தது. வீட்டுக்காரர், "கோழி துள்ளணும்னுதான வேண்டுன? துள்ளலயே. அப்புறம் என்னத்துக்குச் சேவலு?" என்று வக்கீல் மாதிரி கேட்டார். ராத்திரி சோற்றைப் பிசைந்துகொண்டே யோசித்தேன். நான் வேண்டின வேண்டுதலுக்கு ஆத்தா அசையவில்லை, வாஸ்தவம். அதற்காகக் காது கேட்கவில்லை என்று சொல்ல முடியுமா? நான் போட்டது வெடிச் சத்தம். அதற்குள்ளே கொசுக் குரலில் நான் உண்மையில் கேட்டது மேடத்துக்கு வேலை நிலைக்க வேண்டும் என்பதை. அதற்குத்தான் அவள் ஓடி வந்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை நல்ல சேவலாகப் பார்த்துக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தேன். அன்றையிலிருந்து, நடக்க வேண்டும் என்று நாம் அடம்பிடிப்பது நடக்காமல் போனால் எனக்குப் பயம் வருவதில்லை. சுற்றிப் பார்க்கத் தோன்றுகிறது.

தம்பி தங்கச்சிகளா, உங்கள் கையிலும் ஒருநாள் ஒரு நூல் முனை இருக்கும். காலடியில் குச்சி கிடக்கும். யாராவது நல்லவர்களே காதில் ஊதுவார்கள். அப்போது குனியாதீர்கள்.

இதை உங்களுக்குப் பின்னால் வருகிறவர்களுக்குச் சொல்லுங்கள். ஆனால் ஒரு கும்பிடு போட்டுக் கேட்டுக்கொள்கிறேன், நடந்தபடியே சொல்லுங்கள். எங்கள் துறையிலேயே சிலர் சொல்லும்போது, ரெண்டாவது வெடிக்குக் கோழி கூரை மேல் பறந்தது, மூன்றாவதுக்கு முட்டை போட்டது என்று அளக்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கோழி துள்ளியிருந்தால் அந்த மேடம் யார் என்று நமக்குத் தெரியாமலே போயிருக்கும். அதனால் எவ்வளவு சிரிப்பு வந்தாலும், எவ்வளவு ஆசையாக இருந்தாலும், அந்தக் கோழியைத் துள்ள விட்டுவிடாதீர்கள். அது அரிசி பொறுக்கிக்கொண்டேதான் இருந்தது.